தாடிக்காரருக்குப் பின்னால வெறுங்காலோட

அதுதான் பிள்ளை, சந்திக் கடைக்காரி சொல்லித் திரியிறதை நம்பாத. எனக்கு விசரும் இல்லை, கனடாவில ஆரும் என்ர சப்பாத்தைக் களவெடுக்கவும் இல்லை. அந்தப் போனில ஓடுற படத்தில வாறது நான்தான், ஓம். தலையில பச்சைத் தொப்பி, கையில மெழுகுதிரி, காலில ஒண்டும் இல்லை, உழவு மிசினுக்குப் பின்னால போறது நான்தான். ஆனால் படம் எடுத்தவை முன்னுக்கு நடந்ததையும் எடுக்கேல்லை, பின்னுக்கு நடந்ததையும் எடுக்கேல்லை. நடுவால வெட்டிப் போட்டுக் காட்டினால் எவளும் விசரி மாதிரித்தான் தெரிவாள்.

இரு, அந்தக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இரு. மகன் வாறதுக்கு முதல் சொல்லி முடிக்கோணும். அவனுக்கு முன்னால இந்தக் கதை கதைக்கேலாது, வெக்கப்படுவான். இண்டைக்கு நானாட்டான் வயலில நெல்லு வெட்டு. ஐஞ்சு மணிக்கு வாறனெண்டு போனவன், இப்ப மணி என்ன? ஐஞ்சரையோ? சரி, வருவான். வெட்டு நாளில கொஞ்சம் பிந்தும்தானே.

நீ அப்ப இந்தியாவில முகாமில இருந்தனி, உனக்குத் தெரியாது. ரெண்டு வருசத்துக்கு முதல் இதே வெட்டுக் காலத்திலதான் அவனைப் புடையன் பாம்பு கடிச்சது. மிசின் ஓட்டிக் கால் அவிஞ்சு போச்செண்டு செருப்பைக் கழட்டிப் போட்டு வரம்பில இறங்கி இருக்கிறான். வலது காலில, கணுக்காலுக்கு மேல. அங்க நிண்ட பெடியங்கள்தான் மோட்டச் சைக்கிளில நடுவில வைச்சுப் பிடிச்சுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்தவங்கள். நான் போய்ப் பாக்கேக்க கால் தேங்காய் மட்டை மாதிரி வீங்கிப் போய்க் கிடக்கு. சலம் ரத்தமாப் போகுது. டாக்குத்தர் ஏதோ மருந்து ஏத்தினவர், ஆனால் சிறுநீரகத்துக்கு ஒண்டும் சொல்லேலாது எண்டிட்டார்.

நான் சும்மா இருப்பனோ? மடு மாதா கோயில் மண் எங்கட வீட்டில எப்பவும் இருக்கும், உனக்குத் தெரியும், பாம்புக்கு அந்த மண் எண்டால் எங்கட சனத்துக்கு ஒரு நம்பிக்கை. நேர்ஸ் பிள்ளை அங்கால போக, அதைக் கொஞ்சம் அவன்ர நெத்தியில பூசிவிட்டன். ஆனால் மாதாவிட்டப் புதுசா ஒரு நேர்த்திக்கடன் வைக்க எனக்கு முகமில்லை பிள்ளை. மூண்டு நேர்த்தி முந்தியே வைச்சு ஒண்டும் செய்யாமல் கிடக்கு. ஒண்டு என்ர முழங்காலுக்கு, ஒண்டு மகளின்ர கலியாணத்துக்கு, மற்றது ஆட்டுக்கு. ஆடு துலைஞ்சு போய் வந்தது. அதை விடு.

மூண்டாம் நாள் மகள் கனடாவில இருந்து போனில முகத்தைக் காட்டி அழுகிறாள். அழுதுகொண்டே சொல்லுறாள், "அம்மா, இஞ்ச ஐரிஷ்காரர் எண்டு ஒரு சனம் இருக்கு. அவையின்ர புனிதர் அவையின்ர நாட்டில இருந்த பாம்பெல்லாத்தையும் கடலுக்குள்ள துரத்தினவராம். ஒவ்வொரு பங்குனியும் இந்தப் பட்டணமே திரண்டு அவருக்கு ஊர்வலம் எடுக்கும்."

பாம்பெல்லாத்தையும்! ஒண்டை ரெண்டை இல்லை. நான் ஆஸ்பத்திரி விறாந்தையில நிண்டு அந்த இடத்திலயே சொன்னன்: "ஐயா புனிதரே, உம்மை எனக்குத் தெரியாது, உமக்கும் என்னைத் தெரியாது. என்ர பிள்ளையின்ர அந்தக் காலைத் திருப்பித் தாரும். நான் உம்மட ஊர்வலத்துக்கு வந்து, வெறுங்காலோட, மெழுகுதிரி பிடிச்சுக்கொண்டு உமக்குப் பின்னால நடந்து வருவன்." நாலாம் நாள் சலம் தெளிஞ்சிட்டுது. சத்தியமா.

எனக்கு ஒரே யோசினை. கனடாவுக்கு நான் எங்க போறது? ஆனால் பார், அடுத்த வருசம் மகள் பிள்ளைத்தாச்சி, வந்து நில்லுங்கோ அம்மா எண்டு விசா எடுத்து அனுப்பிறாள். அவள் நினைச்சாள் நான் பேத்தியைப் பாக்க வாறனெண்டு. பேத்தியையும் பாக்கத்தான். நேர்த்தியைப் பற்றி மூச்சும் விடேல்லை. சொன்னால் விடுவாளே, அந்தக் குளிருக்குள்ள?

குளிர் எண்டால் பிள்ளை, ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்கிற மீனுக்கு எப்பிடி இருக்கும் எண்டு எனக்கு அங்கதான் விளங்கினது. வெளியில பாத்தால் ஒரே வெள்ளை, எங்கட உப்பளம் மாதிரி. அதுக்கு மேல அவை இன்னும் உப்பைக் கொண்டு வந்து கொட்டுகினம்! நம்பமாட்டாய், லொறியில உப்பைக் கொண்டு வந்து றோட்டில வீசிக்கொண்டு போகினம். பனி உருகட்டாமெண்டு. நான் யன்னலால பாத்துப் பதறிப் போனன். நாங்கள் இஞ்ச வெயிலுக்குள்ள நிண்டு வாருற சாமான்.

பங்குனி பிறந்தது. நான் மகளைக் கேக்கிறன், "கொடியேற்றம் எப்ப?"

"கொடியேற்றம் ஒண்டும் இல்லை அம்மா."

"அப்ப நொவேனை?"

"அதுவும் இல்லை."

"வேஸ்பர்? முதல் நாள் பின்னேர ஆராதனை?"

"அம்மா, இது எங்கட கோயில் திருநாள் மாதிரி இல்லை. சும்மா ஊர்வலம்."

எனக்குத் தலை சுத்திச்சு. ஒன்பது நாள் செபம் இல்லாமல் ஒரு திருநாளோ? அதுவும் தபசு காலம், இறைச்சி தொடாமல் நோன்பிருக்கிற காலம். கோயிலில எல்லாம் ஊதாச் சீலை போட்டு மூடுற காலம். கடைக்குப் போனால் எல்லாம் பச்சை. தொப்பி பச்சை, பிஸ்கட் பச்சை, பாண் கூடப் பச்சை. ஒருத்தன் தன்ர நாய்க்குப் பச்சைச் சட்டை போட்டுக் கூட்டிக்கொண்டு போறான். நாய் பாவம், அதுக்கும் என்னை மாதிரித்தான், ஒண்டும் விளங்கேல்லை.

ஊர்வலத்தண்டு மகளும் நானும் பேத்தியை வண்டிலில தள்ளிக்கொண்டு போய் றோட்டுக் கரையில நிண்டம். மருமகனுக்கு வேலை. எனக்கு ரெண்டு சோடி சொக்ஸ், அதுக்கு மேல சப்பாத்து, கம்பளிச் சட்டை. மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும் சட்டைப் பைக்குள்ள. ஊரில இருந்து கொண்டு போன மெழுகுதிரி, நடுவில வளைஞ்சு போச்சு.

தொடங்கிச்சு. முதல்ல குதிரையில பொலிஸ். நான் அதுக்குப் பின்னால எட்டி எட்டிப் பாக்கிறன், சிலுவை எங்க? எங்கட ஊரில முன்னுக்குச் சிலுவை வரும், பிறகு சின்னப் பிள்ளையள், பிறகு பாட்டுக்காரர், பிறகு புனிதரின்ர சிலை, சுரூபம், சுரூபத்துக்குப் பின்னால சனம். ஆர் எங்க நிக்கிறதெண்டு கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவன். இஞ்ச குதிரைக்குப் பின்னால நெருப்பணைக்கிற லொறி வருது. அதுக்குப் பின்னால பாவாடை கட்டின ஆம்பிளையள்! ஆட்டுத் தோல் மாதிரி ஒரு பையைக் கமக்கட்டுக்குள்ள வைச்சு அமத்தி ஊதிக்கொண்டு வருகினம். அந்தச் சத்தம், ஆட்டுக்குட்டியும் கைக்குழந்தையும் ஒண்டாச் சேந்து அழுற மாதிரி. ஆனால் கேக்கக் கேக்க நெஞ்சுக்குள்ள என்னவோ செய்யுது.

பிறகு பெட்டைப் பிள்ளையள் ஆடிக்கொண்டு வருகுதுகள். கை ரெண்டும் இடுப்போட ஒட்டினது ஒட்டினபடி, கால் மட்டும் பறக்குது. எனக்கு அதைப் பாக்கப் பாக்கச் சிரிப்பும் சந்தோசமும். என்ன வடிவு! பிறகு கோட்டுச் சூட்டுப் போட்டவர் ஒருத்தர் கையைக் காட்டிக்கொண்டு வாறார். நானும் கும்பிட்டன், புனிதராக்கும் எண்டு. மகள் சொல்லுறாள், "அம்மா, கையை இறக்குங்கோ. அது எலெக்சனில நிக்கிற ஆள்."

ஒவ்வொருக்காலும் கேக்கிறன், "சுரூபம் எங்க?" ஒவ்வொருக்காலும் மகள், "பொறுங்கோ அம்மா, கடைசியில வருவார்."

வந்தார்.

முதல்ல உழவு மிசின் தெரிஞ்சுது. சிவப்பு மிசின், என்ர மகன் ஓட்டுறது மாதிரியே. பின்னால பெட்டி, பெட்டி முழுக்கப் பச்சை இலை. எங்கட ஊரிலயும் சில வருசம் சுரூபத்தை மிசின் பெட்டியிலதானே வைச்சு இழுக்கிறது, அதால எனக்கு ஒரு நிம்மதி. அதில ஆயர் மாதிரிக் கூர்த் தொப்பி, வெள்ளைத் தாடி, பச்சைப் போர்வை, கையில செங்கோல். காலடியில முழுக்கப் பாம்பு! கறுப்பும் பச்சையுமா நெளிஞ்சுகொண்டு. ரப்பர் பாம்புதான், ஆனால் எனக்கு அப்ப அது தெரியேல்லை. பாத்தால் சுரூபம் குனிஞ்சு ஒரு பாம்பைத் தூக்கிச் சின்னப் பிள்ளையளுக்கு ஆட்டிக் காட்டுது!

சுரூபம் அசையுது பிள்ளை. அது ஆளோ, சுரூபமோ, ஒண்டும் விளங்கேல்லை. ஆனால் பாம்பு இருக்கு. அப்ப அவர்தான். நான் குந்தி இருந்து சப்பாத்தைக் கழட்டினன்.

"அம்மா! என்ன செய்யிறீங்கள்?"

"நேர்த்தி."

"என்ன நேர்த்தி?"

"தம்பியின்ர காலுக்கு வைச்சது."

மகள் சொல்லுறாள், "ஐயோ அம்மா, அது வேசம்! அந்த மனுசன் தபால் கந்தோரில வேலை செய்யிறவர். எங்கட வீட்டுக்குக் கடிதம் கொண்டு வாறதே அவர்தான்!"

"எங்கட ஊரில பாஸ்கு நாடகத்தில ஆண்டவரா நடிக்கிறவன் ஆர்? மீன் ஏலம் கூறுறவன்தானே? அவன் சிலுவை தூக்கேக்க நீ அழேல்லையோ? நான் அழேல்லையோ?"

அவள் சொக்ஸைக் கழட்ட விடாமல் கையைப் பிடிச்சுக்கொண்டாள். நான் இழுக்க, அவள் இழுக்க, வண்டிலுக்குள்ள பேத்தி கத்த, மிசின் எங்களைத் தாண்டிப் போகுது. எனக்கு அழுகை வந்திட்டுது. இவ்வளவு தூரம் பறந்து வந்து, கண்ணுக்கு முன்னால போறாரே. விசா முடிய இன்னும் ஒரு மாசம்தான். இனி எந்தப் பங்குனிக்கு நான் வாறது?

ஒரு மாதிரிச் சொக்ஸையும் உரிஞ்சு போட்டு இறங்கினால் பொலிஸ்காரப் பெடியன் ஒருத்தன் குறுக்க நிக்கிறான். றோட்டுக்குள்ள இறங்கேலாதாம். நான் மெழுகுதிரியைக் காட்டினன். அவன் மெழுகுதிரியைப் பாக்கிறான், என்ர காலைப் பாக்கிறான், வானத்தைப் பாக்கிறான். அவனுக்கும் ஒண்டும் விளங்கேல்லை.

எங்களுக்குப் பக்கத்தில ஒரு மனுசி நிண்டவ. என்ர வயசிருக்கும், பச்சைக் கோட்டு, தோடு கூடப் பச்சை. அவ என்ர காலைப் பாத்திட்டு மகளிட்ட ஏதோ கேட்டா. மகள் வெக்கத்தோட இங்கிலீசில சொல்லுறாள், பாம்பு, தம்பி, நேர்த்தி எண்டு. அந்த மனுசியின்ர முகம் அப்பிடியே மாறிப் போச்சு. மகள் எனக்குத் திருப்பிச் சொன்னாள்: "அம்மா, இவ ஐரிஷ்காரி. இவவின்ர தாயும் தங்கட ஊரில இதே புனிதருக்கு நேர்த்தி வைச்சு, கல்லு மலை ஒண்டில வெறுங்காலோட ஏறினவவாம். கால் கிழிஞ்சு ரத்தத்தோட இறங்கி வந்ததைத் தான் சின்னனில பாத்தவவாம்."

சொல்லி முடியேல்லை, அந்த மனுசி திரும்பி அந்தப் பொலிஸ்காரனுக்குக் குடுத்தா பார் ஒரு கிழி! பாசை விளங்காட்டிலும் பேச்சு விளங்கும் எனக்கு. எங்கட கடற்கரை வாடியில மீன் முதலாளிச் சம்மாட்டியோட சண்டை பிடிக்கிற பொம்பிளையளும் அவவிட்டத் தோத்துப் போவாளவை. அவன் சிரிச்சுக்கொண்டு விலத்தி விட்டான். அவ தன்ர தொப்பியைக் கழட்டி என்ர தலையில வைச்சா. படத்தில இருக்கிற தொப்பி அதுதான். என்ர கையைத் தன்ர கமக்கட்டுக்குள்ள கொழுவிக்கொண்டு ரெண்டு பேரும் இறங்கி நடந்தம். மகள் சப்பாத்தையும் வண்டிலையும் கொண்டு பின்னால ஓடி வாறாள், "அம்மா, அம்மா" எண்டு.

நடந்தன் பிள்ளை. எங்கட கோயிலில இருந்து பஸ் நிக்கிற இடம் வரைக்கும் இருக்கும் தூரம். குளிர் முதல்ல சுட்டுது, பிறகு ஒண்டுமே தெரியேல்லை. றோட்டில போட்ட உப்பு வெடிப்புக்குள்ள போய் எரிஞ்சுது. மெழுகுதிரி நாலு தரம் நூந்துது. நாலு தரமும் பாவாடை கட்டின ஒருத்தர் ஓடி வந்து லைற்றரால கொழுத்தி விட்டார். சிவப்புச் சிலுவை போட்ட ரெண்டு பேர் வெள்ளிக் கடதாசி மாதிரி ஒரு போர்வையை வைச்சுக்கொண்டு என்னைச் சுத்திப் போடக் கலைச்சுக்கொண்டு வருகினம். சனம் கை தட்டுது. ஏன் தட்டுதுகள் எண்டு எனக்குத் தெரியாது, நான் அருள் நிறைந்த மரியே சொல்லிக்கொண்டு போறன். பக்கத்தில அந்த மனுசியும் தன்ர பாசையில அதையே சொல்லுறா. ரெண்டும் ஒரே இடத்தில நிண்டு ஒரே இடத்தில தொடங்குது, எப்பிடியோ தெரியுது.

ஊர்வலம் போய் முடிஞ்ச இடம் கோயில் இல்லை பிள்ளை! வாகனம் விடுற பெரிய வெளி. கூடாரம் அடிச்சுப் பியர் குடிக்கினம். அதுவும் பச்சைப் பியர். ஆசீர்வாதம் இல்லை, திருப்பலி இல்லை. நான் ஆசீர்வாதத்துக்குக் காத்துக்கொண்டு நிக்கிறன். புனிதர் பெட்டியால இறங்கினார். தாடியைக் கழட்டினார், மடியில வைச்சுக்கொண்டு குந்தினார். ஆரோ ஒரு இறைச்சித் துண்டைப் பாணுக்குள்ள வைச்சுக் குடுக்க, தபசு காலமும் அதுவுமா, ஒரு கடி!

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? நான் ஆருக்குப் பின்னால நடந்து வந்தனான்?

மகள் போய் அவரிட்டச் சொன்னாள். என்ன சொன்னாளோ தெரியாது. மனுசன் எழும்பினார். பாணைக் கீழ வைச்சார். கையைத் துடைச்சார். பிறகு, பிள்ளை, அந்தத் தாடியை எடுத்துத் திருப்பிப் போட்டார். கோணலாத்தான் போட்டார், காதில ஒரு பக்கம் கொழுவேல்லை. என்ர முன்னால வந்து நிண்டு கையை உயத்தினார், ஆசீர்வாதம் தரப் போற மாதிரி. உயத்தின கையை என்ன செய்யிறதெண்டு அவருக்கும் தெரியேல்லை. பிறகு இறக்கிப் போட்டு, போர்வையைக் கழட்டி என்ர காலுக்குக் கீழ விரிச்சுவிட்டார். ஏதோ கேட்டார்.

"உங்கட மகன் இப்ப எப்பிடி இருக்கிறார் எண்டு கேக்கிறார், அம்மா."

"நல்லா இருக்கிறான் எண்டு சொல்லு. நடக்கிறான், மிசின் ஓட்டுறான் எண்டு சொல்லு."

அவர் இன்னொண்டு கேட்டார். வயலுக்குப் போகேக்க காலில என்ன போடுறவர் எண்டு. என்னத்தைச் சொல்ல? செருப்பு எண்டோ? அதையும் வரம்பில கழட்டி வைக்கிறவன் எண்டோ?

ஒரு கிழமை கழிச்சு வாசலில பெல் அடிக்குது. அதே ஆள், தாடி இல்லாமல், தபால் பையோட. கடிதத்தோட ஒரு சோடி சப்பாத்து, முழங்கால் மட்டும் வாற ரப்பர்ச் சப்பாத்து, தன்ர பழசு, கழுவிக் கொண்டு வந்திருக்கிறார். மழைக்கும் நாய்க்கும் தான் போடுறதாம். மகனுக்குக் குடுங்கோ எண்டு. நான் அதைச் சூட்கேசில மேலால வைச்சுக் கொண்டு வந்தன். கொழும்பு எயாப்போட்டில பெட்டியைத் திறந்து சோதிச்சவன் சிங்களத்தில, "அம்மே, மொக்கத மே?" எண்டான். என்ன இது எண்டு கேக்கிறானாம். நான் என்னத்தைச் சொல்லுறது, எனக்கே தெரியாதே. புனிதரின்ர சப்பாத்தோ, தபால்காரரின்ர சப்பாத்தோ?

இதுதான் பிள்ளை எனக்கு இண்டைக்கும் விளங்காதது. நேர்த்தி சேந்துதோ, சேரேல்லையோ? பங்குச் சுவாமியைக் கேட்டன். "நடந்தனீங்கள்தானே அம்மா, காணும்" எண்டிட்டுப் போறார். அவருக்கு என்ன, நடந்த கால் என்ர கால், வயலுக்க நிக்கிற கால் என்ர பிள்ளையின்ர. முன்னுக்குச் சிலுவை இல்லை, முடிவில ஆசீர்வாதம் இல்லை, புனிதர் இறைச்சி தின்னுறார். அது சேருமோ? என்ன? தாடியைத் திருப்பிப் போட்டவர்தானே எண்டோ? ஓம், அதை நினைச்சால் சேந்த மாதிரியும் கிடக்கு. காலமை ஒண்டு நினைக்கிறன், பின்னேரம் ஒண்டு நினைக்கிறன்.

மகனிட்டச் சொன்னால் பகிடி. சப்பாத்து ஒரு அளவு பெரிசு. "தாடிக்காரன்ர சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வரம்பில நிண்டால் சனம் சிரிக்கும். நீங்கள்தானே வெறுங்காலோட நடந்து எனக்கு எல்லாம் சரிக்கட்டி வைச்சிருக்கிறீங்கள், இனி எந்தப் பாம்பு என்னைக் கடிக்கும்?" எண்டு கேக்கிறான். பாத்தியே? நான் நடந்ததால அவனுக்குப் பயம் விட்டுப் போச்சு! இதுக்கோ நான் நடந்தனான்? நேத்து முழுக்கச் சண்டை. இண்டைக்குக் காலமை சப்பாத்துக்குள்ள பழந்துணி வைச்சு அடைச்சுக் குடுத்தன், வாங்கி மோட்டச் சைக்கிளுக்குப் பின்னால கட்டிக்கொண்டு போனவன். காலில போடேல்லை. போட்டானோ, அங்க போய் வரம்பில எறிஞ்சு விட்டானோ, ஆருக்குத் தெரியும்? போன் அடிச்சால் மிசின் சத்தத்தில கேக்காது. மணி ஆறாகப் போகுது. வெளிச்சம் குறையிற நேரம்தான் உந்தப் பாம்புகள் வைக்கலுக்குள்ளால வெளிக்கிடுறது.

பொறு. சத்தம் கேக்குதே? அது வேற சைக்கிள். இல்லை, இல்லை, எங்கட ஒழுங்கைக்குள்ளதான் திரும்புது. அவன்தான். என்ர கண்ணுக்குத் தெரியேல்லை, நீ எழும்பிப் பார் பிள்ளை, காலில என்ன? வடிவாப் பார்.

முழங்கால் மட்டும் சேறோ? சப்பாத்துக்கு மேலயோ, காலிலயோ?

சப்பாத்திலயோ! ரெண்டு காலிலயும் போட்டிருக்கிறானோ!

சரி, நீ இனிப் போட்டு நாளைக்கு வா. சேறு காயிறதுக்கு முதல் அதை நான் கழுவிக் கவுத்து வைக்கோணும், இல்லாட்டில் ஈரமெண்டு சாட்டுச் சொல்லி நாளைக்குப் போடமாட்டான். அந்த வாளியை இஞ்சால தள்ளிவிட்டிட்டுப் போ.